ஹங்கேரியைத் தூக்கி வெளிய போட வேண்டியதுதானேன்னு கேட்டவருக்கு ஒரு நீளமான பதில்

நீங்க கேட்டது இது: "ஹங்கேரியும் போலந்தும் வருஷக்கணக்கா தங்களோட கோர்ட்டுகளை இஷ்டத்துக்கு வளைச்சாங்க, ஐரோப்பிய யூனியன் ஏன் வேடிக்கை பாத்துச்சு, தூக்கி வெளிய போட்டிருக்கலாமே, நம்ம ஊர்ல 356ஐ வச்சு மாநில அரசையே கலைச்சுடறாங்களே". கேள்வி காரமா இருந்தாலும் உள்ள இருக்கற விஷயம் நியாயமானது. உள்ள சேரும்போது எல்லா விதிக்கும் தலையாட்டிட்டு, சேந்ததுக்கு அப்புறம் அதை மீறுற நாட்டை மத்த நாடுங்க சேந்து என்ன செய்ய முடியும்னு கேக்கறீங்க, அப்படித்தான் நான் எடுத்துக்கறேன். வேடிக்கை பாத்துச்சுங்கறது பாதி உண்மைதான். நிறைய பண்ணுச்சு, ஆனா லேட்டா பண்ணுச்சு, லேட்டா பண்ணதால ஜெயிச்ச கேஸ்லயே தோத்துப் போன கதையும் இருக்கு. அதைத்தான் இங்க சொல்லப்போறேன்.

முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். நெதர்லாந்துல ஐரோப்பிய யூனியன் சட்டம் படிச்சேன், அப்புறம் ஒரு யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி நிதி செக்‌ஷன்ல வேலை. யூனியன் தலைமையகம் இருக்கற பிரஸ்ஸல்ஸ்ல இருந்து வர்ற கிராண்ட் ஒப்பந்தத்தை வரி வரியா படிச்சு எது சிக்கல் எது இல்லைன்னு சொல்றதுதான் பொழப்பு. கோர்ட்ல வாதாடற வக்கீல் இல்லை. போலிஷோ ஹங்கேரியனோ படிக்கத் தெரியாது. அதனால ஒப்பந்தம், தீர்ப்பு, பணம் பத்தி சொல்றதை நம்பலாம், அந்தந்த நாட்டு உள் அரசியல் பத்தி சொல்றதை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சு படிங்க.

356 விஷயம். நம்ம ஊர்ல மத்திய அரசுக்கு கவர்னர் இருக்கார், போலீஸ் இருக்கு, 1976லயும் 1991லயும் திமுக ஆட்சியைக் கலைச்சப்ப ஒரு கையெழுத்துல வேலை முடிஞ்சுது. 1994ல எஸ்.ஆர். பொம்மை கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்புறம்தான் அதுக்கு ஒரு கடிவாளம். ஐரோப்பிய யூனியன்ல இதெல்லாம் எதுவுமே கிடையாது, ஏன்னா அது ஒரு தேசம் இல்லை, 27 நாடுங்க போட்டுக்கிட்ட ஒப்பந்தம். வெளிய அனுப்பற பிரிவே அந்த ஒப்பந்தத்துல இல்லை. 50வது பிரிவு இருக்கு, பிரிட்டன் போனது அது வழியாதான், ஆனா அது தானா போறவங்களுக்கு, பிடிச்சுத் தள்ளறதுக்கு இல்லை. அதோட இன்னொண்ணு, யூனியனுக்குன்னு ஊர் ஊரா கோர்ட் கிடையாது. வார்சாவுல ஒரு டச்சு கம்பெனிக்கு அநியாயம் நடந்தா அங்க இருக்கற போலந்து ஜட்ஜ்தான் யூனியன் சட்டத்தை எடுத்து வச்சு தீர்ப்பு சொல்லணும், சந்தேகம் வந்தா லக்ஸம்பர்க்ல இருக்கற ஐரோப்பிய யூனியன் கோர்ட்டுக்கு கேள்வி அனுப்பி பதில் வாங்கணும். அந்த ஜட்ஜை மந்திரி மிரட்ட முடிஞ்சா அந்த ஊர்ல யூனியன் சட்டமே செத்துப்போச்சு. பிரஸ்ஸல்ஸ்காரங்க ஜட்ஜ் விஷயத்துல இவ்வளவு பதறுனதுக்கு ஜனநாயகப் பாசம் மட்டும் காரணம் இல்லை, இந்த பிளம்பிங்கும் ஒரு காரணம். (ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கற மனித உரிமை கோர்ட் வேற, அது யூனியனோடது இல்லை, நிறைய பேர் ரெண்டையும் ஒண்ணாக்கிடறாங்க.)

சரி, ஒப்பந்தத்துல தண்டனையே இல்லையான்னா, இருக்கு, 7வது பிரிவு. 1997ல ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தத்துல வச்சாங்க, யூனியன் முடிவுகள்ல அந்த நாட்டோட ஓட்டுரிமையைப் பறிக்கற வரைக்கும் போகலாம். அப்ப அதுல ஒரு ஓட்டை, மீறல் நடந்து முடிஞ்சாதான் கை வைக்க முடியும். 2000ல ஆஸ்திரியாவுல ஹைடரோட தீவிர வலதுசாரி கட்சி கூட்டணி ஆட்சிக்குள்ள வந்துச்சு, மத்த 14 நாடுங்களும் 7வது பிரிவைத் தொடாம, தனித்தனியா ஆஸ்திரியாவோட "பேச மாட்டோம்"னு அரசியல் மட்டத்து உறவை நிறுத்தி வச்சாங்க. ஆட்சி கவிழல, ஆஸ்திரியாக்காரங்களுக்கு கோவம்தான் வந்துச்சு, மூணு பெரியவங்களை வச்சு ஒரு ரிப்போர்ட் வாங்கி செப்டம்பர்லயே கௌரவமா விலகிக்கிட்டாங்க. அந்தச் சூடு பட்டதுக்கு அப்புறம்தான் நீஸ் ஒப்பந்தத்துல "மீறல் வரப்போகுதுன்னு தெளிவான அபாயம் இருந்தாலே எச்சரிக்கலாம்"னு ஒரு படியைச் சேத்தாங்க. எச்சரிக்கைக்கு சம்பந்தப்பட்ட நாட்டைக் கணக்குல சேக்காம அஞ்சுல நாலு பங்கு நாடுங்க கை தூக்கணும், அதாவது இப்ப 21. அதுக்கு மேல போய் ஓட்டைப் பறிக்கணும்னா "மீறல் நடந்திருக்கு"ன்னு சம்பந்தப்பட்ட நாட்டைத் தவிர மத்த எல்லாரும் ஒருமனதா சொல்லணும். ஒரே ஒரு நாடு மாட்டேன்னா முடிஞ்சுது.

இதை எழுதினவங்க நினைச்சது ஊர்ல ஒரு வீட்லதான் திருடன் இருப்பான்னு. ரெண்டு பேர் இருந்தா ஒருத்தன் இன்னொருத்தனுக்கு ஜாமீன். போலந்து மேல 2017 டிசம்பர்ல ஐரோப்பிய கமிஷன் (யூனியனோட நிர்வாக அமைப்பு) 7வது பிரிவை எடுத்துச்சு, ஹங்கேரி மேல 2018 செப்டம்பர்ல ஐரோப்பிய பார்லிமென்ட் எடுத்துச்சு, ரெண்டு நாடும் ஒண்ணுக்கொண்ணு காப்பாத்திக்குவோம்னு வெளிப்படையாவே சொல்லிட்டாங்க. 2023 கடைசியில போலந்துல ஆட்சி மாறினதும் சரி இப்ப ஹங்கேரி தனியா மாட்டும்னு எல்லாரும் எதிர்பாத்தாங்க, அடுத்த மாசமே ஸ்லோவாகியா பிரதமர் ஃபிட்சோ புடாபெஸ்ட் போய் அவங்களைத் தண்டிக்க நான் இருக்கற வரை ஒத்துக்க மாட்டேன்னுட்டார். போலந்து ஃபைல் ஆறு வருஷத்துக்கு மேல கெடந்து, எச்சரிக்கைப் படியில கூட ஓட்டெடுப்பு நடக்காமலே 2024 மேயில மூடப்பட்டுச்சு. சுத்தமான ஏட்டுச் சுரைக்காய். நியூஸ்ல 7வது பிரிவை "அணுகுண்டு"ன்னு எழுதுவாங்க, எனக்கு அந்தப் பேரே பிடிக்காது, வெடிக்கும்னு யாராவது பயந்தாதான அது குண்டு.

உண்மையான சண்டை நடந்தது கோர்ட்லயும் பணத்துலயும். கோர்ட் கதையில ரெண்டு சம்பவத்தை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா போதும்.

முதல் சம்பவம் ஹங்கேரி. விக்டர் ஓர்பான் 2010ல மூணுல ரெண்டு பங்கு மெஜாரிட்டியோட பிரதமரா வந்தார், 2012 ஜனவரியில புது அரசியல் சட்டம் அமலுக்கு வந்துச்சு, கூடவே ஜட்ஜுங்களோட ஓய்வு வயசை 70ல இருந்து 62ஆ இறக்கிட்டாங்க. யாரையும் டிஸ்மிஸ் பண்ணல பாருங்க, வயசாயிடுச்சு வீட்டுக்குப் போங்கன்னு மரியாதையா அனுப்பறாங்க, அனுபவம் உள்ள மேல் அடுக்கு, கோர்ட் தலைவருங்க எல்லாம் அதுல காலி. கமிஷன் கேஸ் போட்டுச்சு, எப்படின்னு கேளுங்க, "நீதித்துறை சுதந்திரம் போச்சு"ன்னு இல்லை, "வேலை செய்யற இடத்துல வயசு பாகுபாடு"ன்னு. அப்ப அவங்க கைக்கு எட்டின ஆயுதம் அதுதான், வேலைவாய்ப்பு சமத்துவத்துக்கான ஒரு சட்டம். லக்ஸம்பர்க் கோர்ட் அவசர கேஸா எடுத்து 2012 நவம்பர் 6ஆம் தேதி ஹங்கேரி பண்ணது தப்புன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. கமிஷன் ஜெயிச்சாச்சு. ஆனா அதுக்குள்ள அந்த நாற்காலிகள்ல வேற ஆளுங்க உக்காந்தாச்சு. ஹங்கேரி தீர்ப்பை மதிச்சு ஒரு சட்டம் போட்டுச்சு, திரும்ப வேலைக்கு வரலாம் இல்லை நஷ்டஈடு வாங்கிட்டுப் போகலாம், ஆனா தலைமைப் பதவி காலியா இருந்தாதான் அது திரும்பக் கிடைக்கும்னு. பாதிப் பேருக்கு மேல பணத்தை வாங்கிட்டுப் போனதாத்தான் நான் படிச்சது, பின்ன என்ன பண்ணுவாங்க. காகிதத்துல பாத்தா தீர்ப்பு நிறைவேறிடுச்சு, கமிஷன் ஃபைலை மூடிடுச்சு. கண் கெட்ட பின்னே சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்களே, அதேதான்.

ரெண்டாவது சம்பவம் போலந்து, நடுவுல ஒரு சின்ன திருப்பம் இருக்கு. 2018 பிப்ரவரியில போர்ச்சுகல் ஜட்ஜுங்க சங்கம் போட்ட ஒரு சம்பளக் கேஸ்ல தீர்ப்பு வந்துச்சு. சிக்கன நடவடிக்கைன்னு சம்பளத்தைக் குறைச்சதை எதிர்த்த கேஸ், அவங்க தோத்துட்டாங்க. ஆனா தோக்கடிச்ச அதே தீர்ப்புல கோர்ட் போற போக்குல ஒரு கதவைத் திறந்து விட்டுச்சு: யூனியன் சட்டத்தை எடுத்துக் கையாள வாய்ப்பு இருக்கற எந்தக் கோர்ட்டா இருந்தாலும் அது சுதந்திரமா இருக்கணும், அதை நாங்க பரிசோதிக்கலாம், ஒப்பந்தத்தோட 19வது பிரிவு அதுக்குப் போதும்னு. இனிமே வயசு பாகுபாடுன்னு சுத்தி வளைக்க வேண்டாம். போர்ச்சுகல்ல நாலு காசு சம்பளம் குறைஞ்சதுக்காகப் போட்ட கேஸ் வார்சாவுக்கு ஆயுதம் ஆச்சு, சட்டம் படிக்கறதுல எனக்குப் பிடிச்ச இடமே இந்த மாதிரி விபத்துகள்தான்.

அதே வருஷம் போலந்து அரசு சுப்ரீம் கோர்ட் ஓய்வு வயசை 70ல இருந்து 65ஆ இறக்குச்சு, ஹங்கேரியோட அதே ஃபார்முலா. ஜூலை மாசம் தலைமை நீதிபதி மவ்கோர்ஷாட்டா கெர்ஸ்டோர்ஃப் உட்பட கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஜட்ஜுங்க போயிருக்கணும். அந்தம்மா "அரசியல் சட்டம் எனக்கு ஆறு வருஷம் குடுத்திருக்கு"ன்னு சொல்லி மறுநாள் காலையில வழக்கம்போல ஆபீஸுக்கு வந்துட்டாங்க, வாசல்ல கூட்டம் கூடி நிக்குது. கமிஷன் செப்டம்பர் கடைசியில முடிவெடுத்து, அக்டோபர் ஆரம்பத்துல கேஸ் போட்டு, கூடவே இடைக்காலத் தடையும் கேட்டுச்சு. அக்டோபர் 19ஆம் தேதி கோர்ட் தடை குடுத்துச்சு: சட்டத்தை நிறுத்து, அனுப்பின ஜட்ஜுங்களைப் பழைய இடத்துலயே உக்கார வை, புது ஆளைப் போடாதே. ரெண்டு மாசத்துல போலந்து சட்டத்தையே திருத்திடுச்சு, ஜட்ஜுங்க திரும்ப வந்தாங்க. இறுதித் தீர்ப்பு 2019 ஜூன்லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடியே விஷயம் முடிஞ்சுடுச்சு.

ரெண்டு நாட்டுலயும் ஒரே தந்திரம், ரெண்டு தடவையும் கோர்ட் சொன்னது "தப்பு"தான். வித்தியாசம் என்னன்னா ஒண்ணுல நாற்காலி நிரம்பினப்புறம் தீர்ப்பு வந்துச்சு, இன்னொண்ணுல நிரம்பறதுக்கு முன்னாடி தடை வந்துச்சு. வேற காரணமும் சேந்திருக்கும், போலந்து அரசுக்கு அரசியல் சட்டத்தையே மாத்தற அளவு மெஜாரிட்டி இல்லை, தெருவுல எதிர்ப்பும் பலமா இருந்துச்சு, இதெல்லாம் எத்தனை பங்குன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வேகம் பெரிய பங்குங்கறதுல எனக்கு சந்தேகம் இல்லை.

உடனே தடை ஒரு மந்திரக்கோல்னு நினைச்சுடாதீங்க. போலந்து அதே சமயத்துல சுப்ரீம் கோர்ட்டுக்குள்ளயே ஒரு ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவை வச்சுது, பிடிக்காத தீர்ப்பு எழுதற ஜட்ஜை அது சஸ்பெண்ட் பண்ணும், லக்ஸம்பர்க்குக்கு கேள்வி அனுப்பினவங்க மேல கூட விசாரணை வச்சாங்க. இகோர் துலேயான்னு வார்சா ஜட்ஜ் ஒருத்தர், 2020 நவம்பர்ல இருந்து ரெண்டு வருஷம் கோர்ட் பெஞ்சுக்கே போகல. லக்ஸம்பர்க் தடை போட்டுச்சு, போலந்து கேக்கல, 2021 அக்டோபர்ல ஒரு நாளைக்கு 10 லட்சம் யூரோ அபராதம்னு சொல்லிட்டாங்க. அபராதத்தை போலந்து கட்டவும் இல்லை. கட்டாட்டி என்ன, அவங்களுக்குப் போக வேண்டிய நிதியில கமிஷன் கழிச்சுக்கிச்சு, கடைசியில கிட்டத்தட்ட 32 கோடி யூரோ. போலந்து மாதிரி நாட்டு பட்ஜெட்டுக்கு அது வலிக்கற காசான்னா, கௌரவத்துக்கு வலிச்சிருக்கும்.

வலிக்கற காசு வேற இடத்துல இருந்துச்சு. 2021 ஜனவரியில இருந்து ஒரு விதி அமல்ல இருக்கு, சட்டத்தின் ஆட்சி மீறப்பட்டு அதனால யூனியன் பணத்துக்கு ஆபத்துன்னா பணத்தை நிறுத்தி வைக்கலாம், இதுக்கு ஒருமனது வேண்டாம், பெரும்பான்மை போதும். போலந்தும் ஹங்கேரியும் சேந்து இதை எதிர்த்து கேஸ் போட்டு 2022 பிப்ரவரியில தோத்தாங்க. அதே வருஷம் டிசம்பர்ல ஹங்கேரிக்கு 630 கோடி யூரோ நிறுத்தி வைக்கப்பட்டுச்சு. கொரோனா மீட்பு நிதி, பின்தங்கின பகுதிகளுக்கான நிதி இதுலயும் "முதல்ல கோர்ட்டை சரி பண்ணு"ன்னு தனித்தனி நிபந்தனை, போலந்துக்கு அதுலதான் பெரிய தொகை மாட்டுச்சு. இந்த விதியில "பணத்துக்கு ஆபத்து"ங்கற வார்த்தை முக்கியம். பத்திரிகையை மிரட்டினா இந்த விதி வராது, டெண்டர்ல ஊழல் பண்ணி அதை விசாரிக்க வேண்டிய பிராசிக்யூட்டர் கண்ணை மூடிக்கிட்டா வரும். சட்டத்தின் ஆட்சியைக் காப்பாத்தற விதின்னு பேர், உள்ள பாத்தா கஜானாவைக் காப்பாத்தற விதி.

இங்கதான் என் டேபிளுக்கே விஷயம் வந்துச்சு. ஹங்கேரியில 21 யுனிவர்சிட்டிகளை அறக்கட்டளைங்க கையில குடுத்து, அந்த அறக்கட்டளை போர்டுகள்ல ஆளுங்கட்சி மந்திரிங்களும் அவங்க ஆளுங்களும் உக்காந்திருந்தாங்க. 2022 டிசம்பர்ல பணத்தை நிறுத்த எடுத்த அதே முடிவுல இந்த அறக்கட்டளைங்களோட புது ஒப்பந்தமே போடக் கூடாதுன்னு ஒரு வரி இருந்துச்சு. அந்த வரி பாக்கறதுக்கு சின்னது. அடுத்த வருஷம் ஆறு நாடு சேந்து ஒரு ஆராய்ச்சி புரொபோசல் ரெடி பண்றோம், ஹங்கேரி பார்ட்னர் அந்த 21ல ஒண்ணு. பணம் வாங்காத பார்ட்னரா வேணா பேரைப் போட்டுக்கலாம்னு நான்தான் ஜூம் கால்ல சொன்னேன். அந்த ஹங்கேரி பார்ட்னர் தரப்புப் பேராசிரியை கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "நான் பன்னெண்டு வருஷமா அவங்களுக்கு எதிராத்தான் ஓட்டுப் போடறேன், என் மாணவியோட சம்பளம் எதுக்கு நிக்குது"ன்னாங்க. விதியில "உள்ளூர் பயனாளிங்களுக்கு சேர வேண்டியதை அந்தந்த நாட்டு அரசு சொந்தக் காசுல குடுக்கணும்"னு ஒரு பிரிவு இருக்கு, அதை நான் சொல்லியிருக்கலாம், வாய் வரல. அந்தப் பிரிவு ஏற்கனவே இருக்கற ஒப்பந்தத்துக்குத்தான் உதவும், போடாத ஒப்பந்தத்துக்கு என்னத்தை குடுக்கறது. போர்டுல இருந்த மந்திரிங்க அப்புறம் விலகினாங்க, ஆனாலும் தடை நீங்கல, ஓர்பான் அரசு பன்னோனியான்னு சொந்தமா ஒரு ஸ்காலர்ஷிப்பை ஆரம்பிச்சு பிரஸ்ஸல்ஸ் கைவிட்ட மாணவர்களை நாங்க காப்பாத்தறோம்னு சொல்லிக்கிச்சு.

பணம் வேலை செய்யுதான்னா, செய்யுது. ஹங்கேரி 2023 மேயில நீதித்துறை சட்டத்தைத் திருத்துச்சு, ஜட்ஜுங்களோட சுயாட்சி கவுன்சிலுக்கு ஓரளவு அதிகாரம் குடுத்துச்சு, காசு இல்லாம அது நடந்திருக்காது. ஆனா பணம்னு வந்துட்டா பேரம்னு வந்துடும். 2022லயே முதல்ல 750 கோடியை நிறுத்தலாம்னு பேசிட்டு 630க்கு இறங்கினது, உக்ரைன் உதவியையும் கம்பெனி வரி விஷயத்தையும் ஹங்கேரி பிடிச்சு வச்சிருந்த அதே வாரத்துல. 2023 டிசம்பர் 13ஆம் தேதி கமிஷன் ஹங்கேரிக்கு 1020 கோடி யூரோவை விடுவிக்குது, மறுநாள் உக்ரைனை யூனியன்ல சேக்கற பேச்சுவார்த்தைக்கு ஒருமனதா முடிவெடுக்கணும், ஓர்பான் ரூமை விட்டு வெளிய போறார், மத்த 26 பேரும் கை தூக்கறாங்க. நிபந்தனை நிறைவேறுச்சு, சட்டப்படி விடுவிச்சோம், தேதி தற்செயல்னு கமிஷன் தரப்பு சொல்லுது. ஐரோப்பிய பார்லிமென்ட்டே அதை நம்பாம 2024 மார்ச்ல கமிஷன் மேல கேஸ் போட்டுச்சு. பேரம்னு நிரூபிக்க என்கிட்ட ஆதாரம் இல்லை, நான் பேரம்னுதான் நினைக்கறேன். விதியை விலைக்கு வச்சுட்டா அப்புறம் மாட்டிக்கிட்டவனுக்கு தப்பைத் திருத்தற வேலையை விட வீட்டோவை (ஒரே நாடா நின்னு முடிவைத் தடுக்கற உரிமை) சேத்து வைக்கற வேலைதான் லாபம்.

போலந்து மாறினது ஐரோப்பிய யூனியனாலன்னு சொல்றவங்க இருக்காங்க, கீழ ஒரு கமென்ட்லயும் பாத்தேன். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். 2023 அக்டோபர் தேர்தல்ல 74 சதவீதத்துக்கு மேல ஓட்டு விழுந்துச்சு, அதுல கருக்கலைப்பு தடை, விலைவாசி எல்லாம் இருந்துச்சு, நின்னு போன நிதியும் ஒரு காரணமா இருந்திருக்கலாம். புதுப் பிரதமர் டஸ்க்கோட அரசு வந்து ஒரு செயல்திட்டத்தைக் குடுத்ததும் 2024 பிப்ரவரியில 13,700 கோடி யூரோவுக்கு வழி திறந்துச்சு. கவனிங்க, திட்டத்தைக் குடுத்ததும், சட்டம் நிறைவேறினதும் இல்லை. ஏன்னா சட்டத்துல கையெழுத்துப் போட வேண்டிய ஜனாதிபதி டூடா பழைய ஆளுங்க பக்கம், 2025ல அவருக்கு அப்புறம் வந்த நவ்ரோட்ஸ்கியும் அதே பக்கம். 2018க்கு அப்புறம், அரசியல் பிடியில இருந்த, ஜட்ஜுங்களைத் தேர்ந்தெடுக்கற கவுன்சில் வழியா நியமிக்கப்பட்ட ஜட்ஜுங்க 2500 பேருக்கு மேல, அவங்க எழுதின தீர்ப்புகள் லட்சக்கணக்குல, விவாகரத்து, நிலத் தகராறு, அடமானக் கடன்னு. அத்தனையும் செல்லாதுன்னா ஊரே கலங்கிடும், செல்லும்னா அப்ப எதுக்கு இத்தனை வருஷ சண்டை. ஓய்வு வயசை இறக்க ஒரு ராத்திரி போதும், இதை அவிழ்க்க பத்து வருஷம் ஆனாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

"அப்ப என்னதான் பண்ணியிருக்கணும்"னு நீங்க அடுத்து கேப்பீங்க. என் பதில் ரொம்ப சாதாரணமா இருக்கும்: சீக்கிரம் கேஸ் போட்டிருக்கணும், போடும்போதே தடை கேட்டிருக்கணும். நான் பாராட்டின அந்தப் போலந்து கேஸ்லயே ஜட்ஜுங்க ஜூலையில அனுப்பப்பட்டாங்க, கமிஷன் கோர்ட்டுக்குப் போறதுன்னு முடிவெடுத்ததே செப்டம்பர் 24, நடுவுல ரெண்டரை மாசம் கடிதப் போக்குவரத்து. கெர்ஸ்டோர்ஃப் மாதிரி ஒருத்தங்க பிடிவாதமா ஆபீஸுக்கு வந்துட்டு இருந்ததாலதான் அந்த ரெண்டரை மாசம் தாங்குச்சு. அடுத்த தடவை இந்த மாதிரி செய்தி எந்த நாட்டைப் பத்தி வந்தாலும் 7வது பிரிவுங்கற தலைப்பை விட்டுடுங்க, கமிஷன் இடைக்காலத் தடை கேட்டுச்சா, கேட்ட தேதி என்ன, அந்தத் தேதியில நாற்காலி காலியா இருந்துச்சா நிரம்பிடுச்சான்னு மட்டும் தேடிப் படிங்க.